போகும் இடத்தை அளந்தவர்

முதல் தடவை பட்டறைக்குப் போனபோது அவர் என் காலைப் பார்க்கவே இல்லை. அம்மாதான் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டப் போனாள். அவர் கையை அசைத்து, இருக்கட்டும்மா என்று தடுத்துவிட்டார். ஸ்டூலைத் துணியால் துடைத்து என்னை உட்கார வைத்தார். எந்தப் பள்ளிக்கூடம், பஸ்ஸில் போகிறேனா நடந்தா, வகுப்பு கீழேயா மாடியிலா, பாத்ரூம் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே போனார். பாத்ரூம் என்றதும் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை, அந்தத் தூரத்துக்குப் பயந்துதான் குடிப்பதில்லை என்பது அம்மாவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் பட்டறையின் தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு காலிப்பர் கொடுத்திருந்தார்கள். தொடையில் ஒரு வளையம், அதிலிருந்து காலின் இரண்டு பக்கமும் இறங்கி பூட்ஸில் போய்ச் சேரும் எஃகுப் பட்டைகள், நடுவில் முழங்காலுக்கு நேராக ஒரு பூட்டு. பூட்டைப் போட்டால் நிற்கலாம், எடுத்தால் உட்காரலாம். ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் செய்து கொடுத்தார்கள். நான்தான் வளர்ந்துவிட்டேன். வளையம் தொடையை அறுத்துப் புண்ணாக்கியிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சொல்லித்தான், செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு கெஸ்ட் ஹவுஸ் மதிலுக்குப் பின்னால் காலிப்பர் செய்யும் இந்தப் பட்டறைக்கு வந்திருந்தோம்.

அளவெடுக்கவில்லையே என்று அம்மா கேட்டாள். நாளைக்கு ஸ்கூலுக்கு வரேன் என்றார் அவர். அம்மாவுக்குப் புரியவில்லை.

மறுநாள் மத்தியானம் நிஜமாகவே வந்தார். பட்டறையில் கிடந்த பழைய காலிப்பர் ஒன்றைத் தன் பேன்ட்டுக்கு மேல், நல்லாயிருந்த தன் இடது காலில் கட்டிக்கொண்டு, மாடிப்படியில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். குள்ளமான மனிதர். பட்டை அவருக்கு நீளம் அதிகம். காலை வெளிப்பக்கமாக வட்டம்போட்டு வீசிக்கொண்டு அவர் ஏறுவதைப் பார்த்து என் வகுப்புப் பெண்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தோன்றியது. அங்கேயே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. அவர் பாதிப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, வேர்வையைத் துடைத்து, கீழே நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

“பாப்பா, இங்கதான பைய தோள் மாத்திக்கிற?”

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் படியில்தான் மாற்றிக்கொள்வேன். எனக்கே அது ஒரு விஷயமாகத் தெரிந்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய், இந்த ஒரு வகுப்பைக் கீழே மாற்றிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார். தலைமையாசிரியையும் மறு வாரமே மாற்றிக் கொடுத்தார். இதைச் சொல்ல ஒரு பட்டறைக்காரர் வேண்டியிருந்ததா என்று அம்மா வருஷக் கணக்காகச் சொல்லிச் சிரிப்பாள். காலிப்பரும் வந்தது. முழங்கால் பூட்டைத் தள்ளும் நெம்புகோலைக் கொஞ்சம் நீளமாக, வெளிப்பக்கம் வைத்திருந்தார், கையில் பை இருக்கும்போதே விரலால் தள்ளிப் பூட்டிக்கொள்ள. நான் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தேன்.

அவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிட்டோம். நாங்கள் என்றால், இந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும் காலில் இரும்பு கட்டி நடந்தவர்கள். ஒருவருக்கொருவர் தெரியாது. தெருவில் எதிரே வந்தால் மற்றவரின் பூட்ஸைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போவோம். ஆனால் மாமா தங்கள் இடத்துக்கு வந்துபோன கதை ஒன்று எல்லோரிடமும் இருக்கும்.

கோபுரத்துக்கு எதிரே பூக்கட்டி விற்ற அக்காவிடம் இருந்த கதை இது. அவளுக்குத் தரையில் உட்கார்ந்துதான் வியாபாரம். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை எழுந்து உட்கார வேண்டும். பூவுக்குத் தெளிக்கிற தண்ணீர் முழங்கால் பூட்டில் இறங்கித் துருப்பிடித்து, அவள் எழுந்தால் பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு கிறீச் வரும். கோயிலுக்குப் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்காகவே அவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்து, இடுப்பு பிடித்துக்கொண்டு மாமாவிடம் போயிருக்கிறாள். மாமா அடுத்த நாள் விடிந்ததும் வந்து அவள் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். சும்மா உட்கார முடியாமல் பூக்கட்டவும் பார்த்திருக்கிறார். அவர் கட்டிய முழத்தை யாரும் வாங்கவில்லை என்று அக்கா சொல்லுவாள். வெயில் ஏறுகிற வரைக்கும் இருந்து, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வழிகிறது, அவள் எந்தக் கையை ஊன்றி எழுகிறாள் என்று பார்த்துவிட்டுப் போனார்.

பூட்டை ஸ்டெயின்லெஸ்ஸில் மாற்றினார். அச்சு ஆணி சுழல்கிற துவாரத்துக்குள் சின்னதாக ஒரு பித்தளை வளையம் கடைந்து போட்டார்.

“எஃகும் எஃகும் ஒரசுனா சண்டதாம்மா. நடுவுல பித்தள இருந்தா அது கொஞ்சம் தேஞ்சி குடுக்கும். சத்தம் வராது. அது தேஞ்சா நான் வேற போட்டுத் தரேன்” என்றாராம்.

உலோகங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருக்கு வாய் ஓயாது. தனி இரும்பு வளையும், அதில் துளி கரி சேர்ந்தால்தான் எஃகு. எஃகு துருப்பிடிக்கும், அதில் குரோமியமும் நிக்கலும் சேர்ந்தால்தான் சமையலறைக்கு வரும். செம்பு குழையும், துத்தநாகம் சேர்ந்தால்தான் பித்தளையாகிக் குழாயும் தாழ்ப்பாளும் ஆகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை இருக்கிறது, இன்னொன்று வந்து அதைத் தாங்குகிறது என்று சொல்லிக்கொண்டே பட்டையை உரசுவார். நாங்கள் கேட்கிறோமா என்று பார்க்க மாட்டார்.

அவர் முன்பு கரூர் பக்கம் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு ஏன் இந்த வேலைக்கு வந்தார் என்று அவர் சொன்னதில்லை. அவர் மனைவிதான் ஒருநாள் எனக்கு டீ போட்டுக்கொண்டே சொன்னாள். அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். எனக்கு வந்ததுதான் அவளுக்கும், ஆனால் இரண்டு காலிலும். வீட்டுக்குள் தவழ்ந்துதான் போவாள். அவளுக்குப் பதினாறு வயதில் ஏதோ காய்ச்சல் வந்து போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, பாதி கட்டி நின்ற பஸ்ஸுக்குள் உட்கார்ந்து அழுதாராம். ஊருக்கெல்லாம் பஸ் கட்டிக் கொடுத்தேன், அவளை ஒரு தடவைகூட எதிலும் ஏற்றிக் கூட்டிப்போகவில்லை, எங்கே போகணும் என்று கேட்டதும் இல்லை என்று மனைவியிடம் சொன்னதாகச் சொன்னாள். டீ ஆறிப்போகும் வரை எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை.

காலேஜ் முடித்த பிறகு எனக்கு வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. புடவை கட்டிக்கொண்டு போக ஆசை. எஃகுப் பட்டையின் எடையில் சாயங்காலமானால் இடுப்பு கழன்றுவிடும் போலிருக்கும். மாமாவிடம் போய், எடை கம்மியாக வேண்டும், அலுமினியத்தில் செய்து கொடுங்கள் என்றேன். வெறும் அலுமினியம் பாத்திரத்துக்குத்தான் ஆகும், உன்னைத் தாங்காது என்றார். பிறகு அவரே, விமானத்துக்குப் போடுகிற ஒரு ஜாதி இருக்கிறது, அலுமினியத்தில் கொஞ்சம் செம்பும் மெக்னீசியமும் சேர்த்தது, எஃகில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு எடைதான் வரும், விறைப்பாக நிற்கும் என்றார். சொன்ன பிறகு தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்.

வழக்கம்போல என்னோடு பஸ்ஸில் வந்தார். கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் நான் இறங்குவதைக் கீழே நின்று பார்த்தார். அவருக்குத் திருப்தி இல்லை.

“படி ஒசரம் ஜாஸ்திமா. எறங்கறப்போ மொத்த ஒடம்பும் இந்த ஒரு கால்ல வந்து விழுது. எஃகுன்னா நான் பேச மாட்டேன்.”

“எனக்கு லேசாத்தான் வேணும் மாமா” என்றேன்.

சென்னைக்குப் போய் அந்த உலோகத்தில் பட்டை வாங்கி வந்தார். என் கெண்டைக்காலின் வளைவுக்கு ஏற்ப அதை வளைப்பதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். கட்டிக்கொண்டு எழுந்து முதல் அடி வைத்தபோது காலை வழக்கமான வேகத்தில் வீசிவிட்டேன். அது என்னை முந்திக்கொண்டு போய்விட்டது. விழப்போனவளை அவர் மனைவி பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்த மாதங்களில் நான் வேண்டுமென்றே ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி ஆபீஸுக்கு நடந்திருக்கிறேன். இருபத்திரண்டு வயதில்தான் எனக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பது என்றால் என்ன என்று தெரிந்தது. அதுவரை தரையைப் பார்த்துத்தான் நடந்திருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில், பஸ்ஸின் கடைசிப் படியிலிருந்து இறங்கியபோது பட்டை ஒடிந்தது. டக்கென்று ஒரு சின்னச் சத்தம். அடுத்தது எனக்குத் தெரிந்தது என் முகத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸின் பின்சக்கரம். டிரைவர் வண்டியை எடுக்காமல் இருந்ததால் பிழைத்தேன். மணிக்கட்டு முறிந்தது, நெற்றியில் தையல். தற்காலிக வேலை என்பதால் கட்டு பிரிக்கும் வரை அந்த இடம் எனக்காகக் காத்திருக்கவில்லை. அப்பா பட்டறைக்குப் போய், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டு வந்தார்.

விழுந்த மறுநாள் மாமா ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்பா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். மாமா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒடிந்த பட்டையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் அந்த முறிந்த வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். ஒரு பாதி பளபளவென்று புதுசாக இருந்தது. மறு பாதி கறுத்து மங்கிப்போயிருந்தது.

“கருப்பா இருக்குது பாரு, அது பழைய விரிசல். நான் வளைக்கறப்போ இடுக்கி கவ்வுன தடம். அங்கருந்து ஆரம்பிச்சிருக்குது. நேத்து ஒடையல இது. மாசக்கணக்கா ஒடஞ்சினே இருந்துருக்குது. நீ அதுமேல நடந்துனு இருந்துருக்க.”

அவ்வளவுதான் சொன்னார். பட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

போனவர் பட்டறையை மூடிவிட்டார். மூடினார் என்றால், கதவு திறந்துதான் இருந்தது, ஜன்னல் கிரில்லும் இரும்பு கேட்டும் செய்தார். வேங்கிக்காலில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம், அந்த வேலைக்குக் குறைவில்லை. காலிப்பர் என்று வந்தவர்களையெல்லாம் சென்னைக்கோ வேலூருக்கோ போகச் சொல்லிவிட்டார். வார் அறுந்தால் தைத்துக்கொடுக்கக்கூட மறுத்தார். என்ன கேட்டாலும், கிரில் யாரையும் கீழே தள்ளாது என்பாராம்.

மூன்று மாதம் போயிருக்கும். பூக்கார அக்கா எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். அவளோடு நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுடைய பித்தளை வளையம் தேய்ந்துபோயிருந்தது. உனக்காகத்தான் அவர் விட்டார், நீ வந்து சொன்னால்தான் கேட்பார் என்றாள். அவள் சொன்ன தொனியில் கொஞ்சம் கோபமும் இருந்தது. நான் பழைய எஃகுக் காலிப்பரைக் கட்டிக்கொண்டு அவளோடு ஆட்டோவில் கிளம்பினேன். அப்பா தடுக்கவில்லை. அம்மா தடுக்க விடவில்லை.

மாமா கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் என் காலைப் பார்த்தார். எஃகு என்று தெரிந்ததும் கண்ணை எடுத்துக்கொண்டார். எனக்கு அடுத்தது எப்போது செய்து தருவீர்கள் என்று கேட்டேன். இனிமேல் இல்லைமா என்றார். அக்கா அவளுடைய பூட்டைக் காட்டினாள். அதையும் பார்க்க மாட்டேன் என்றார். பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, “உன்ன பஸ்ஸுக்கு அடியில தள்ளிட்டேன்” என்றார்.

நான் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டு போகவில்லை. அந்த இடத்தில் வாயில் வந்ததுதான்.

“நான் விழறது புதுசா மாமா? சின்ன வயசுல இருந்து விழுந்துட்டுதான் இருக்கேன். முன்னெல்லாம் வீட்டுக்குள்ள விழுந்தேன். அப்பறம் ஸ்கூல்ல விழுந்தேன். இப்பதான் வேங்கிக்கால் வரைக்கும் போய் விழுந்தேன்.”

அக்கா திடீரென்று சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, பெயின்ட் கையை முழங்காலில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். தோள் குலுங்கியது. அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய்விட்டாள். கடைசியில் அவர் அக்காவைப் பார்த்து, அதக் கழட்டு, பாக்கறேன் என்றார்.

அதிலிருந்து அவரிடம் ஒரு வழக்கம் வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் பட்டறைக்கு வந்தாக வேண்டும். வராதவர்களை வீட்டுக்கே போய்த் திட்டிக் கூட்டி வருவார். ஒவ்வொரு பட்டையையும் மண்ணெண்ணெயில் நன்றாக நனைத்து ஊற வைப்பார். பிறகு ஈரம் தெரியாமல் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடி செய்து மேலே தேய்ப்பார். எங்கேயாவது கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், அதற்குள் போய் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பொடியில் ஒரு கோடாகத் தெரியும். பஸ் பட்டறையில் சக்கர அச்சுக்குச் செய்வதுதான் இது, காலுக்குச் செய்யத் தோன்றவில்லை பார் என்று தன்னையே திட்டிக்கொள்வார்.

பொடி தேய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை நாங்கள் எல்லோரும் காலிப்பரைக் கழற்றிவிட்டு, இரண்டு நீள பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். அதுவரைக்கும் நான் வீட்டுக்கு வெளியே என் காலைத் திறந்து வைத்து உட்கார்ந்ததே கிடையாது. முதல் ஞாயிறு புடவையை இழுத்து இழுத்து மூடினேன். பூக்கார அக்கா தன் காலை நீட்டிப்போட்டு, காற்று வாங்கட்டும் பாவம் என்றாள். அடி அண்ணாமலையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், அவர் கால்தான் எல்லோரையும்விட ஒல்லி என்று பந்தயம் கட்டினார். மாமாவின் மனைவி இட்லி கொண்டுவருவாள். நான் அங்கேதான் வேலைக்கான பரீட்சைக்குப் படித்தேன். பூக்கார அக்கா அங்கேதான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் எனக்குப் பூக்கட்டச் சொல்லிக்கொடுத்தாள், வரவில்லை.

ஒரு ஞாயிறு, சைக்கிள் கடைக்காரரின் பட்டையில் கோடு விழுந்தது. முழங்காலுக்குக் கீழே மயிரிழை போல ஒரு ஈரம், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது. மாமா அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார், வேறு யாரிடமும் போகவில்லை.

“இன்னிக்கு பாத்துட்டேன்மா” என்றார்.

பரீட்சையில் தேறி, வேங்கிக்காலிலேயே எனக்கு அரசு வேலை கிடைத்தது. கல்யாணம் ஆயிற்று. மாமா எனக்கு அந்த லேசான உலோகத்திலேயே மறுபடி செய்து கொடுத்தார். இந்தத் தடவை வளைவு வருகிற இடத்தில் மட்டும் எஃகை வைத்து, மேலும் கீழும் அலுமினியக் கலவையை இணைத்தார். அது பல வருஷம் என்னைத் தாங்கியது. பிறகு சர்க்கரையில் அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. விரிசல் தெரியாதவன் இதைச் செய்யக்கூடாது என்று ஒரே நாளில் நிறுத்திவிட்டு, அடி அண்ணாமலையில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் எல்லோருக்கும் சென்னையில் எங்கே போக வேண்டும் என்று விசாரித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். போன வருஷம் மழைக்காலத்தில் அவர் காலமானார்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மகள் வீட்டில்தான் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். சென்னையில் புதிதாக ஒரு காலிப்பர் செய்துகொண்டு வந்திருந்தேன். காலைச் சுற்றிக் கேமராவில் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் வரைந்து செய்தது. மெல்லிய பிளாஸ்டிக் ஓடு, மூட்டு மட்டும் டைட்டானியக் கலவை. கழற்றி அவர் மடியில் வைத்தேன். கண் கிட்டத்தட்ட போய்விட்டிருந்தது. மூட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தார். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி எடை பார்த்தார். எங்கேயும் வளைத்த தடமே இல்லையே என்று கேட்டார். வளைக்கவே இல்லை மாமா, அப்படியே கடைந்து எடுத்ததாம் என்றேன். நல்லா செஞ்சிருக்கான் என்றார். அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

கட்டிக்கொண்டதும் வெளியே போகலாம் என்று எழுந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு கிரிவலப் பாதைக்கு வந்தார். பௌர்ணமி இல்லாத சாதாரண நாள், சாயங்காலம், பாதையில் அவ்வளவாக ஆள் இல்லை. டீக்கடை ஓரமாக நின்று தோளிலிருந்து கையை எடுத்தார்.

“நீ போ. நான் இங்கயே நிக்கறேன்.”

தனியாக நிற்பீர்களா என்று கேட்டேன். போம்மா என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவரால் என்னைப் பார்க்க முடியாது என்று தெரியும். முகம் என் பக்கமே இருந்தது. நின்றுவிட்டேன் என்று எப்படித் தெரிந்ததோ, கையைத் தூக்கி, போ போ என்று காற்றில் தள்ளினார். நான் வலது பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாதை வளைந்து டீக்கடை மறைந்த பிறகும் நடந்தேன். நினைத்ததைவிட ரொம்ப தூரம் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் மகள் ஒரு நாற்காலி கொண்டுவந்து பக்கத்தில் போட்டிருந்தாள். அவர் அதில் உட்காரவில்லை.